பச்சை குத்திய கையும் பாவமன்னிப்பும்

மார்க்கச் சட்டத்தை மக்களுக்கு எடுத்துச் சொல்வது ஓர் அமானிதம். அந்த அமானிதத்தில் பாதியைக் கொடுத்துவிட்டு மீதியைக் கையில் வைத்துக்கொண்டால் என்ன விபரீதம் நேரும் என்பதை நாம் 2023-ம் ஆண்டில் கண்கூடாகக் கண்டோம். நம்மிடமிருந்தே அந்தத் தவறு நிகழ்ந்ததால், வாசகர்கள் முன் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுவதே முறையாகும்.

அன்று ஜும்ஆவுக்கு முந்திய பயானில் நாம் எடுத்துக்கொண்ட விஷயம், வாலிபர்களிடையே பரவிவரும் பச்சை குத்தும் மோகம். டாட்டூ என்று பெயரை மாற்றிவிட்டால் ஹராம் ஹலாலாகிவிடுமா என்று சற்றுக் காரமாகவே கேட்டோம். பச்சை குத்திவிடும் பெண்ணும் குத்திக்கொள்ளும் பெண்ணும் சாபத்துக்குரியவர்கள் என்ற ஹதீஸ், இப்னு மஸ்ஊத் (ரலி), இப்னு உமர் (ரலி) ஆகியோரின் வாயிலாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வந்திருப்பதை எடுத்துரைத்தோம். குத்திய இடம் நஜீஸாகிவிடும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் தீர்ப்பு. அதைச் சுமந்துகொண்டு தொழுபவரின் தொழுகை என்னாவது என்றும் ஒரு கேள்வியைப் போட்டோம். அதற்குள் பாங்கு நேரம் நெருங்கிவிட்டது. விதிவிலக்குகளை அடுத்த வாரம் சொல்லிக்கொள்ளலாம் என்று இறங்கிவிட்டோம். அடுத்த வாரம் வேறு விஷயம் வந்துவிட்டது.

பள்ளிவாசலின் ஒலிபெருக்கி பள்ளிக்குள் இருப்பவர்களோடு நின்றுவிடுவதில்லை. இரண்டு தெரு தள்ளி, எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி திண்ணையில் அமர்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பிறவியில் முஸ்லிம் அல்லர். இருபதாவது வயதில் கலிமாச் சொல்லி, நம் மஹல்லாவில் வாழ்க்கைப்பட்டவர். அவருடைய வலது முன்கையில் ஒரு கோலமும் அதன் கீழே ஒரு தேளும் உண்டு. ஏழெட்டு வயதில், ஊர்த் திருவிழாவுக்குக் கூட்டிச் சென்ற அத்தை ஆசையாகக் குத்திவிடச் சொன்னது. ஐம்பது வருடங்களாக அந்தக் கையைத்தான் அவர் ஒளுவில் கழுவினார். அந்தக் கையைத்தான் துஆவில் ஏந்தினார். யாரும் அவரிடம் அதுபற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நாம்தான் பேசினோம், அதுவும் பாதி.

மறுநாள் அவர் சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து அந்தக் கையில் பூசிக் கட்டிக்கொண்டாராம். மருவுக்கு வைப்பார்களே, அதுபோல இதுவும் உதிர்ந்துவிடும் என்று நினைத்திருக்கிறார். தோல் வெந்து, சதை தெரிந்து, மருத்துவமனையில் மூன்று வாரம் கட்டு மாற்ற வேண்டியதாயிற்று. பேரன் அவரை நம்மிடம் அழைத்து வந்தபோது கையில் வெள்ளைக் கட்டு. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: “ஹஸ்ரத், அம்பது வருசமாத் தொழுததெல்லாம் போச்சா?”

அந்தக் கேள்விக்கு நாம் அன்று சொன்ன பதிலைத்தான் இங்கே சற்று விரித்து எழுதுகிறோம். பயானில் விட்டுப்போன மறுபாதி இதுவே.

முதலில் ஷாஃபிஈ கிதாபுகள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். ஊசியால் தோலைக் குத்தி, இரத்தம் கசியும் இடத்தில் சுர்மாவையோ அவுரியையோ தேய்க்கிறார்கள். இரத்தம் மையோடு கலந்து உறைந்துவிடுகிறது. இரத்தம் நஜீஸ், ஆகவே அந்த இடமும் நஜீஸ். இதுதான் அந்தத் தீர்ப்பின் அடிப்படை. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள், ஸஹீஹ் முஸ்லிமின் விரிவுரையில், இந்த இடத்தோடு நின்றுவிடவில்லை. மருத்துவத்தால் அகற்ற முடியுமானால் அகற்றுவது கடமை; காயப்படுத்தித்தான் அகற்ற முடியும், அதனால் உயிருக்கோ உறுப்புக்கோ உறுப்பின் பயனுக்கோ ஆபத்து, அல்லது வெளியே தெரியும் உறுப்பில் கடுமையான அலங்கோலம் ஏற்படும் என்று அஞ்சினால் அகற்றுவது கடமையல்ல; தௌபா செய்துவிட்டால் அவர் மீது குற்றம் எதுவும் மிஞ்சாது என்று தெளிவாக எழுதிவிட்டார்கள். அத்தகைய அச்சம் எதுவும் இல்லாதபோது தாமதிப்பவர்தான் குற்றவாளி. பருவமடையுமுன் குத்தப்பட்டவருக்கும், விருப்பமின்றிப் பலவந்தமாகக் குத்தப்பட்டவருக்கும் அந்தக் கடமை இல்லை என்பதையும் நம் ஃபுகஹாக்கள் விளக்கியிருக்கிறார்கள். ஏழு வயதுக் குழந்தையின் கையைப் பிடித்துப் பெரியவர்கள் செய்ததற்குக் குழந்தையா ஜவாப்தாரி?

ஹனஃபீ மத்ஹபில் இன்னும் இலேசான வழி இருக்கிறது. அசுத்தமான சாயம் ஏறிய துணியைக் கழுவியபின் நிறம் மட்டும் போகாமல் நின்றால் அது சுத்தமே. அதுபோலப் பச்சை குத்திய இடமும் கழுவினால் சுத்தமாகிவிடும், தோலை உரிக்க வேண்டியதில்லை என்று இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் ரத்துல் முஹ்தாரில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

இவையெல்லாம் சட்ட நூல்கள். ஸஹாபாக்களின் வாழ்விலிருந்தே ஒரு செய்தி உண்டு. அபூபக்கர் (ரலி) அவர்களைக் காணத் தம் தந்தையுடன் சென்ற கைஸ் இப்னு அபீ ஹாஸிம் என்ற தாபிஈ, அவர்களுடைய துணைவியார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அவர்களின் கையில் பச்சை குத்திய அடையாளத்தைக் கண்டாராம். தபரீயின் இந்த அறிவிப்பை இப்னு ஹஜர் (ரஹ்) ஃபத்ஹுல் பாரியில் எடுத்துரைத்து, அதன் அறிவிப்புத் தொடர் ஸஹீஹானது என்கிறார்கள். தடை வருவதற்கு முன் குத்தப்பட்டது கையில் அப்படியே தங்கியிருக்கலாம் என்பது தபரீயின் விளக்கம். காயத்துக்குச் செய்த சிகிச்சையின் வடுவாகவும் இருக்கலாம் என்பது இப்னு ஹஜர் கூறும் இன்னொரு சாத்தியம். எது எப்படியாயினும், நோயுற்ற கலீஃபாவின் பக்கத்தில் அமர்ந்து பணிவிடை செய்தவர்கள் அந்த அம்மையார். அபிசீனியாவுக்கும் மதீனாவுக்குமாக இரண்டு ஹிஜ்ரத்துகள் செய்தவர்கள். அந்தக் கையைக் காட்டி அவர்களை யாரும் ஒதுக்கிவிடவில்லை.

பாவம் ஒன்று, அதன் தழும்பு வேறொன்று. பாவம் அடியானுக்கும் அவனுடைய ரப்புக்கும் இடையே உள்ளது. அது தௌபாவால் நீங்குகிறது. தழும்பு தோலில் உள்ளது. அது நீங்குவதற்குத் தோலின் விதிகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதால்தான் அந்த மூதாட்டியின் கை வெந்தது.

இனி, பச்சையின் மை தோலில் எங்கே இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தோலுக்கு மேல்தோல், உட்தோல் என இரு அடுக்குகள் உண்டு. மேல்தோல் சில வாரங்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும். மருதாணி மறைந்துபோவது அதனால்தான். பச்சையின் மை அதற்கும் கீழே, உட்தோலில் இறங்கிவிடுகிறது. கரிய மையே ஆனாலும் மேலே உள்ள தோலினூடே பார்ப்பதால் நம் கண்ணுக்குப் பச்சையாகவோ நீலமாகவோ தெரிகிறது. இதிலிருந்து ஒரு சந்தேகம் தீர்கிறது. நகப்பூச்சைப் போலப் பச்சையும் ஒளுவின் தண்ணீரைத் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் பட வேண்டியது மேல்தோலில். மை இருப்பதோ அதற்கு அடியில். தண்ணீரைத் தடுக்க அங்கே எதுவுமில்லை.

மை ஏன் ஆயுள் முழுதும் தங்குகிறது? உடலில் அந்நியப் பொருள் நுழைந்தால் அதை விழுங்கி அகற்ற அல்லாஹ் சில காவல் அணுக்களைப் படைத்திருக்கிறான். அவை மையை விழுங்குகின்றன. ஆனால் செரிக்க முடிவதில்லை, தூக்கிச் செல்லவும் முடிவதில்லை. விழுங்கியபடியே அங்கே இருந்துவிடுகின்றன. 2018-ம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் செய்த சோதனை இன்னொன்றைக் காட்டியது: அந்த அணு செத்து மையை உமிழ்ந்தாலும், அடுத்து வரும் அணு அதையே எடுத்து விழுங்கிக்கொள்கிறது. இப்படிக் கைமாறிக் கைமாறி மை அதே இடத்தில் நிற்கிறது. இங்கே நமக்கு ஒரு யோசனை எழுகிறது. மையை இவ்வாறு அணுக்கள்தாம் பிடித்து வைத்திருக்கின்றன என்றால், அன்று குத்தியபோது கசிந்த இரத்தம் இன்றும் அங்கே உறைந்து கிடப்பதாகக் கொள்ள வேண்டுமா? நஜீஸ் என்ற தீர்ப்பு அந்த இரத்தத்தின் மீது எழுந்ததாயிற்றே! நாம் புதிய ஃபத்வா எதுவும் கொடுக்கத் துணியவில்லை. அதற்குரிய பெரியவர்கள் இருக்கிறார்கள். கேள்வியை அவர்கள் முன் வைப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பச்சையை அழிக்கும் முயற்சி இன்று நேற்று தோன்றியதல்ல. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த அதே நூற்றாண்டில் வாழ்ந்த ஆமிதா நகரத்து மருத்துவர் ஏத்தியஸ், பச்சையை அழிக்கும் மருந்து முறையை எழுதி வைத்திருக்கிறார். உப்பால் தேய்ப்பது, அமிலத்தால் பொசுக்குவது, தோலைச் சுரண்டுவது, அறுத்துத் தைப்பது என்று பல முறைகள் இருந்தன. எல்லாமே மேல்தோலைக் கெடுத்துத்தான் அடியிலுள்ள மையை எட்டும். ஹிஜ்ரி 676-ல் வபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் காயப்படுத்துதலைப் பற்றி அவ்வளவு எச்சரிக்கையாக எழுதியது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

லேசர் ஒளி வந்தபின் நிலைமை மாறியது. 1960-ல் மைமன் என்ற அமெரிக்கர் மாணிக்கக் கல்லைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். சில ஆண்டுகளிலேயே லியோன் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் அதைப் பச்சையின் மீது செலுத்திப் பார்த்தார். ஆனால் தோலைச் சுடாமல் மையை மட்டும் தாக்குவது எப்படி என்ற தத்துவம் 1983-ல்தான் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இருவரால் தெளிவாக வகுக்கப்பட்டது. அது இதுதான்: ஒளியின் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வொரு பொருள் கூடுதலாக உறிஞ்சும். மை உறிஞ்சும் நிறத்தைத் தேர்ந்தெடுத்து, சூடு பக்கத்துச் சதைக்குப் பரவுவதற்குள் நின்றுவிடும்படி மிகக் குறுகிய நேரத்துக்குப் பாய்ச்ச வேண்டும். எவ்வளவு குறுகிய நேரம்? ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் சில பங்கு. 2012-க்குப் பின் அதைவிடவும் குறுகிய நேரம் பாய்ச்சும் கருவிகள் வந்துவிட்டன. இந்த அதிர்ச்சியில் மைத்துகள் பொடிப்பொடியாகச் சிதறுகிறது. லேசர் மையை அழித்துவிடுகிறது என்று பலர் நினைப்பது சரியல்ல. அது உடைத்துத்தான் கொடுக்கிறது. உடைந்த பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்துவது, முன்பு தூக்க முடியாமல் தவித்த அதே காவல் அணுக்களும் நிணநீர் ஓட்டமும்தான். அதனால்தான் ஒருமுறை பாய்ச்சியபின் ஆறு முதல் எட்டு வாரங்கள் காத்திருந்து மறுமுறை பாய்ச்சுகிறார்கள். இப்படி ஆறு, எட்டு, பத்து தடவை என்று ஒன்றரை வருடம்கூட ஆகலாம்.

எல்லா மையும் ஒன்றுபோல் விலகுவதுமில்லை. கரிய மை எளிதில் போகும். பழங்காலத்தில் விளக்குப் புகைக்கரியால் குத்தியது இன்னும் எளிது. மஞ்சளும் பச்சையும் அடம்பிடிக்கும். உதட்டுக்கும் புருவத்துக்கும் அழகுக்காக ஏற்றிய வெள்ளை, தோல்நிற மைகளோ லேசர் பட்டதும் கறுத்துப்போவதுண்டு. அடுத்து நம் நாட்டவர் கவனிக்க வேண்டியது தோலின் நிறம். கரிய தோலில் இயற்கை நிறமி அதிகம். ஒளி மைக்குப் போய்ச் சேருமுன் அந்த நிறமியே அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே 1064 நானோமீட்டர் நீளமுள்ள, கண்ணுக்குத் தெரியாத அலையைத்தான் நம்மவருக்குப் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். அப்படியும் வெண்திட்டோ கருந்திட்டோ தழும்போ ஏற்படலாம். அழகு நிலையங்களில் பயிற்சியில்லாதவர்கள் கருவியைப் பிடித்தால் ஆபத்து இன்னும் அதிகம்.

இப்போது சிக்கலான கேள்விக்கு வருகிறோம். லேசர் வந்துவிட்டதால், நவவீ இமாம் சொன்ன விதிவிலக்கு நீங்கி, பருவமடைந்தபின் தானாகக் குத்திக்கொண்ட எல்லாருக்கும் அகற்றுவது இன்று கடமையாகிவிட்டதா? சில நண்பர்கள் ஆம் என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். நமக்கு அவ்வளவு அவசரம் தோன்றவில்லை. வசதியுள்ளவர், நல்ல மருத்துவர் பார்த்துத் தீங்கு இராது என்று சொன்னவர், அவர் அகற்றத்தான் வேண்டும். சோம்பலைச் சாக்காக்கக் கூடாது. ஆனால் தினக்கூலிக்குப் போகும் ஒருவர் பத்துத் தடவைக்கான செலவுக்குக் கடன் வாங்க வேண்டுமா? சக்திக்கு மீறிய சுமையை அல்லாஹ் எவர் மீதும் சுமத்துவதில்லை என்பது ஸூரத்துல் பகராவின் இறுதியில் நாம் அன்றாடம் ஓதுவதல்லவா! தயம்மும் பாடத்தில், தண்ணீர் தீங்கு செய்யுமா என்பதற்கு நம்பிக்கையான மருத்துவரின் சொல்லைக் கேட்கும்படி கிதாபுகள் சொல்கின்றன. இதிலும் அதே வழிதான். தழும்பு விழுமா என்பதை மிம்பரில் நிற்பவர் தீர்மானிக்க முடியாது. அன்று நாம் செய்த தவறு அதுவும்தான்.

இந்தோனேசிய முஸ்லிம்கள் நம்மைப் போலவே ஷாஃபிஈ மத்ஹபைச் சார்ந்தவர்கள். அங்கே ஜகார்த்தாவிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் தொண்டு அமைப்புகள் பச்சை குத்தியவர்களுக்கு இலவசமாக லேசர் சிகிச்சை அளித்து வருகின்றன. கட்டணத்துக்குப் பதில், ஸூரத்துர் ரஹ்மானை மனனம் செய்து ஓதிக் காட்ட வேண்டும் என்பது சில இடங்களில் நிபந்தனை. ஸகாத் நிதியை நிர்வகிக்கும் தேசிய அமைப்பும் ரமளானில் இத்தகைய முகாம்களை நடத்தியதுண்டு. சிறையிலிருந்து வந்தவர்கள், தெருவில் பாடிப் பிழைத்தவர்கள், பச்சையால் வேலை கிடைக்காதவர்கள் என்று பலரும் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களிடம் “ஏன் குத்தினாய்?” என்று யாரும் முதலில் கேட்பதில்லை; “எந்த ஆயத்துவரை பாடமாயிற்று?” என்றுதான் கேட்கிறார்கள். தன் ரப்பின் அருட்கொடைகளில் எதைப் பொய்யாக்குவீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கும் ஸூராவை, மை கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டிருக்கும் ஒரு கை பிடித்து ஓதுவதை நினைத்துப் பாருங்கள். நம் ஜமாஅத்துகளின் பைத்துல்மாலில் கட்டடத்துக்கும் கந்தூரிக்கும் ஒதுக்கும் தொகையில் ஒரு சிறு பகுதி இதற்குப் போதும். கடுமையாகப் பேசுபவர்கள் முதலில் இதற்கு ஏற்பாடு செய்துவிட்டுப் பேசட்டும். நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

இதையெல்லாம் படிக்கும் ஒரு வாலிபர், “அப்படியானால் இப்போது குத்திக்கொள்கிறேன், பிறகு லேசரில் எடுத்துவிட்டுத் தௌபாவும் செய்துவிடுகிறேன்” என்று நினைத்தால் என்ன செய்வது? யூசுஃப் (அலை) அவர்களின் சகோதரர்கள் இப்படித்தான் திட்டமிட்டார்கள். முதலில் காரியத்தை முடிப்போம், அதற்குப்பின் நல்லவர்களாகிவிடுவோம் என்று. அந்தக் குடும்பம் அதற்குப் பின் எத்தனை வருடம் அழுதது என்பது குர்ஆனை ஓதுகிற எவருக்கும் தெரியும். தௌபா என்பது செய்துவிட்டதற்கு. செய்யப்போவதற்கு முன்பணம் அல்ல.

பச்சையைப் போலவே லேசரால் நீக்கப்படுபவை பிறவி மச்சங்களும் நிறத் திட்டுகளும். இதுபற்றியும் நம்மிடம் கேட்கிறார்கள். பெரும்பாலும் கேட்பவர்கள் கல்யாண வயதில் பெண்ணை வைத்திருக்கும் பெற்றோர். நாம் அறிந்த ஒரு பெண்ணுக்கு நெற்றியின் ஒரு பக்கமும் கண்ணைச் சுற்றிலும் நீலஞ்சாம்பல் நிறத்தில் ஒரு படர்வு இருந்தது. ஓட்டா என்ற ஜப்பானிய மருத்துவர் விவரித்ததால் அதற்கு ஓட்டா மச்சம் என்று பெயர். ஆசிய நாட்டுப் பெண்களிடையே அது கூடுதலாகக் காணப்படும். நிறமி அணுக்கள் மேல்தோலுக்கு வந்து சேராமல் உட்தோலிலேயே தங்கிவிட்டதால் உண்டாவது. ஆழத்தில் இருப்பதால் பச்சையைப் போலவே நீலமாகத் தெரிகிறது. லேசர் சிகிச்சைக்கு அது பல தவணைகளில் நன்றாகவே கட்டுப்படும்.

இது அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதாகாதா என்பது அந்தத் தகப்பனாரின் கேள்வி. கேள்வி நியாயமானதே, ஸூரத்துன் நிஸாவில் ஷைத்தானின் சபதங்களில் ஒன்றாகப் படைப்பை மாற்றுவது சொல்லப்படுகிறது. ஆனால் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் அறிவிப்பில் தடை, அழகுக்காக மாற்றுபவர்களோடு இணைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. இப்னு அப்பாஸ் (ரலி) வாயிலாக அபூதாவூதில் வரும் அறிவிப்பிலோ நோயின்றிச் செய்வது என்ற குறிப்பும் உண்டு. சிகிச்சைக்காகவோ குறையை நீக்கவோ செய்வதில் தவறில்லை என்று நவவீ இமாமும் எழுதுகிறார்கள். போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) வெள்ளியில் மூக்கு வைத்து, அது நாறத் தொடங்கியபோது, ஆண்களுக்குத் தங்கம் விலக்கப்பட்டிருந்தும் தங்க மூக்கு வைத்துக்கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்களே பணித்தார்கள். உவைஸுல் கர்னீ (ரஹ்) அவர்களைப் பற்றி முஸ்லிமில் வரும் செய்தி இன்னும் பொருத்தமானது. அவர்களுக்கு வெண்குஷ்டம் இருந்தது, அல்லாஹ்விடம் வேண்டினார்கள், ஒரு திர்ஹம் அளவு இடம் தவிர முழுதும் நீங்கிற்று. தோலின் திட்டு நீங்க வேண்டும் என்று கேட்பது குற்றமென்றால், அவ்வளவு பெரிய வலியுல்லாஹ் கேட்டிருப்பார்களா?

ஆகவே அந்தத் தகப்பனாரிடம் தாராளமாகச் செய்யலாம் என்று சொன்னோம். கூடவே இரண்டு விஷயங்களைக் கேட்டோம். பெண்ணுக்கே அதில் விருப்பமா, அல்லது மாப்பிள்ளை வீட்டார் போட்ட நிபந்தனையா? அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தில் பதில் இருந்தது. அடுத்து, கண் மருத்துவரிடம் காட்டினீர்களா? இந்த மச்சம் உள்ளவர்களுக்குக் கண்ணின் உள்ளழுத்தம் கூடக்கூடும். அதைப் பார்க்காமல் முகத்தை மட்டும் பார்ப்பது சரியல்ல. பொதுவாகவே எந்த மச்சத்தையும் லேசரால் தீய்க்குமுன் தோல் மருத்துவர் அதைப் பரிசோதிக்க வேண்டும். வளர்ந்துகொண்டோ நிறம் மாறிக்கொண்டோ உள்ள மச்சம் புற்றாகவும் இருக்கலாம். லேசர் மேலே உள்ள நிறத்தை அழித்து, அடையாளத்தையும் அழித்துவிடும். நோய் உள்ளே வளரும்.

இந்தச் சலுகையைப் பிடித்துக்கொண்டு, மாநிறப் பெண்ணை வெளுப்பாக்க லேசருக்கு அழைத்துச் செல்கிறவர்களைப் பற்றி என்ன சொல்வது? கறுப்பு நோயல்ல, குறையுமல்ல. பிலால் (ரலி) அவர்களின் நிறத்தைக் குறையென்று சொல்லும் துணிவு யாருக்கு உண்டு? அங்கே சிகிச்சை பெற வேண்டியது பெண் பார்க்க வந்தவர்களின் கண்.

அந்த மூதாட்டியிடம் திரும்புவோம். ஐம்பது வருடத் தொழுகையில் ஒன்றுகூட இந்தப் பச்சையால் வீணாகவில்லை, இது நீங்கள் செய்ததே அல்ல, உங்கள் மீது அகற்றும் கடமையும் இல்லை என்று சொன்னோம். பயானில் பாதி சொன்னதற்காக மன்னிப்பும் கேட்டோம். அவர் மன்னிப்பைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. கட்டின் மீது மஸஹு செய்து, தயம்முமும் சேர்த்துச் செய்யும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஆறிய பிறகு பார்த்தோம்; தேள் தீய்ந்து தழும்பாகிவிட்டது, கோலம் பாதி அப்படியே இருக்கிறது. லேசர் பற்றியும் பேரன் விசாரித்திருக்கிறான். தீப்புண் ஆறிய தோல், வயதும் ஆகிவிட்டது, வேண்டாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டாராம்.

சில மாதம் கழித்து ஒருநாள் அஸருக்குப் பின் ஆளனுப்பினார். போய்ப் பார்த்தோம். அவருக்கு இன்னும் ஒரு பயம் மிஞ்சியிருந்தது. “மவுத்தானதும் குளிப்பாட்ட வர்றவுக, பச்சையப் பாத்துட்டுச் சொரண்டிருவாகளோ ஹஸ்ரத்?” என்றார். இல்லை உம்மா என்றோம். அசுத்தமான எலும்பால் எலும்பை ஒட்டவைத்துக்கொண்டவர் இறந்துவிட்டால் அதைப் பிடுங்கக் கூடாது என்று மின்ஹாஜில் நவவீ இமாம் எழுதியிருக்கிறார்கள். பச்சையின் நிலையும் அதுதான். மற்ற ஜனாஸாக்களைப் போலக் கழுவினால் போதும் என்று விளக்கினோம். அவர் திருப்தியடையவில்லை. இதை எழுதிக் கொடுங்கள் என்றார். குளிப்பாட்ட வருகிற பெண்ணிடம் அப்போது அவர் எப்படிச் சொல்ல முடியும்?

எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தோம். தமக்குப் படிக்கத் தெரியாததால் பேரனை இருமுறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு நான்காக மடித்து, கஃபன் துணி வைத்திருக்கும் பெட்டியில், ஜம்ஜம் புட்டிக்குக் கீழே வைத்துப் பூட்டினார்.